குரங்கைப் பங்காளி ஆக்கிய வாத்தியார்

இளம் வாத்தியார்களான உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத சயன்ஸ் வாத்தியார். காபியைத் தொடாமல் ஒரு கேள்வி கேட்டார். "சார், பரிணாமப் பாடம் நடத்தினா பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க. சாமி படைச்ச கதையையும் அதே பீரியட்ல சேர்த்துச் சொல்லிட்டா வம்பு தீந்துரும் இல்லீங்களா?" நான் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் சயன்ஸ் சொல்லிக் கொடுத்தவன் இப்படி நழுவலாமா என்று நீங்கள் கேட்கலாம். நழுவுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடம் நடத்துவது எப்படி என்று இதில் ஒன்றும் இருக்காது. அதை உங்களுக்கு டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள், முதல் மாதத்திலேயே மறந்துவிட்டேன். ஒரு ஆள் எதிரே வந்து நின்று "இப்பவே சொல்லுங்க" என்று கேட்கும்போது என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்ல முடியும், ஏனென்றால் அதை நான் செய்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. நான் தாராபுரத்துக்காரன். பி.எஸ்.சி.யும் பி.டி. என்ற வாத்தியார் படிப்பும் முடித்து, திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தேன். ஊரில் பாதி நெசவுத் தெருக்கள். சுற்றிலும் தோட்டங்கள், கிணறுகள்; அங்கே விவசாயம் செய்கிறவர்களைத் தோட்டக்காரர்கள் என்போம். பனியன் கம்பெனிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. பதினோராம் வகுப்புதான் கடைசி வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. அதில் முப்பத்தெட்டுப் பேர். மூன்று பேர் பெண்கள். அந்த மூவரில் தெய்வானை என்பவள் நெசவுத் தெருப் பெண். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தத் தெருவிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் பதினோராம் வகுப்பு வரை வந்ததில்லை. அவளுக்கு மற்ற பாடங்கள் நன்றாக வரும், சயன்ஸ் சுமார். அதற்கு யார் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சயன்ஸ் புத்தகத்தில் பரிணாமம் என்று ஒரு பாடம் உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதை "நீங்களே படிச்சுக்குங்க" என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்த வட்டாரத்திலேயே சிந்திக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் இருந்தது. அந்தப் பாடத்தை விளக்கமாக, நம் பிள்ளைகளுக்குப் புரியும் சொற்களில் நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

குரங்கும் மனிதனும் வெகுகாலத்துக்கு முன்னால் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து வந்தவர்கள் என்று சொன்னேன். ஒரு தோட்டக்காரப் பையன் எழுந்து, "அப்ப குரங்கு நமக்குப் பாட்டனுங்களா சார்?" என்றான். நல்ல கேள்வி. இன்றைக்கும் பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நான் சிரித்துக்கொண்டே, "பாட்டன் இல்லை. பங்காளி" என்றேன். ஒரே சொல்லில் பாடம் முழுவதையும் முடித்துவிட்ட பெருமையில் சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கப் பார்த்தேன். அது தரையில் விழுந்து உடைந்தது.

பொருளைப் பார்த்தால் அந்தச் சொல்லில் தவறில்லை. ஆனால் நம் பக்கத்தில் பங்காளி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரே குலக் கூட்டம், ஒரே குலதெய்வம். கோயிலில் பக்கத்தில் நிற்க வேண்டும். பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. வரப்புத் தகராறு வரும், வந்தாலும் சாவுக்குப் போயாக வேண்டும். செத்தால் தீட்டுக் காக்க வேண்டும். ஒரு சொல்லை விருந்துக்குக் கூப்பிட்டால் அதன் குடும்பம் மொத்தமும் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வாரமே ஒரு குரங்கு, கிணற்று மோட்டாருக்குப் போகும் கம்பியைத் தொட்டுச் செத்தது. ஊர் வழக்கப்படி அதற்கு மாலை போட்டு, பால் ஊற்றி, சூடம் காட்டி அரசமரத்தடியில் புதைத்தார்கள். மறுநாள் என் வகுப்பில் ஏழு பையன்கள் இல்லை. மேஜைமேல் ஒரு லீவ் லெட்டர் இருந்தது. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பங்காளி ஒருவர் நேற்று மாலை மின்சாரம் தாக்கி இறந்துவிட்டபடியால் எங்களுக்குத் தீட்டு. ஆகவே மூன்று நாட்கள் விடுமுறை அளிக்கும்படி வேண்டுகிறோம். மேற்படி உறவுமுறை தங்களால் வகுப்பில் தெரிவிக்கப்பட்டது. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவர்கள்."

உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அந்தப் பாடத்தை அவ்வளவு கவனமாகக் கேட்டு, அவ்வளவு சரியாகப் பயன்படுத்திய மாணவர்கள் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. அன்று நான் சிரித்திருக்க வேண்டும். சிரித்து, லெட்டரை மடித்துப் பையில் வைத்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் அதை எடுத்துக்கொண்டு நேராக ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் ஏழு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். ஏழு அப்பன்மார்களும் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் சேதி போய்விட்டது. சயன்ஸ் வாத்தியார் குரங்கைப் பங்காளி என்று சொல்கிறாராம். சிலர் என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, பெரிய காரியத்துக்குப் போனீங்களா?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

தோட்டக்காரர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாத ஒருவர் மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தெய்வானையின் அப்பா. கைத்தறி நெசவாளர். கந்த சஷ்டியில் சூரன்போர் நடக்கும்போது, முருகனுக்குப் படையாக நின்ற ஒன்பது வீரர்களில் ஒருவராக வேஷம் கட்டுகிறவர். அவர் அப்பா கட்டிய வேஷம், அதற்கு முன்னால் தாத்தா கட்டியது. அந்த வீரர்களின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் தெருவின் நம்பிக்கை. ஹெட்மாஸ்டர் அறையில் அவர் உட்காரவில்லை.

"டி.சி. குடுங்க. எம்புள்ள படிச்சது போதுங்க" என்றார்.

பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு உலகத்தில் ஒரே பயம்தான், மேலிடத்துக்கு மொட்டைப் பெட்டிஷன் போய்விடுமோ என்பது. நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

"உங்க கதை நம்பிக்கைங்க. நான் சொன்னது விஞ்ஞானம்" என்றேன்.

"அப்படீங்களா. நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கலீங்க. அதுக்கு ஆதாரமெல்லாம் இருக்குதுங்க."

"நானும் பாக்கலீங்க. நம்ம மானத்தை மறைக்கத்தான் எங்க ஆளுக தறியில உக்காந்தாங்கன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கறேன். குரங்குக்குத் துணி எதுக்குங்க? பங்காளின்னு சொல்றீங்க. பங்காளின்னா எங்க கோயில்ல வந்து பக்கத்துல நிக்கோணும். நிக்குமுங்களா?"

புத்தகத்தில் இந்தக் கேள்வி கிடையாது. ஹெட்மாஸ்டர் குறுக்கே புகுந்து, மேஜைமேல் கையை விரித்து, "ரெண்டு பக்கமும் சொல்லிப் போடலாமுங்க. நீங்களே வந்து கிளாஸ்ல உங்க கதையச் சொல்லுங்க. சாரும் அவருதச் சொல்லட்டும். பசங்க ரெண்டையும் கேட்டுக்கட்டும்" என்றார். அது மிக நியாயமாகத் தெரிந்தது. நானும் தலையை ஆட்டினேன். தெய்வானையின் அப்பா முகத்தில் முதல்முறையாகக் கோபம் கொஞ்சம் இறங்கியது. பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் அதுவரை பேசக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் வந்தார். வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. நான் என் நாற்காலியைக் கொடுத்தேன், அவர் உட்காராமல் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். கரும்பலகையில் பரிணாமப் பாடத்துக்காக முந்தின நாள் நான் வரைந்த ஒட்டகச்சிவிங்கி பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது.

அந்த மனிதர் சொன்ன அழகை நான் மறக்க மாட்டேன். நெற்றிக்கண் நெருப்புக்குப் பயந்து அம்பாள் ஓடும்போது காற்சிலம்பு தெறித்தது என்று சொல்லும்போது அவர் கால் தானாகவே பின்னால் போனது. ஒன்பது மணிகள் சிதறின. ஒவ்வொரு மணியிலும் அம்பாளின் உருவம் தெரிந்தது. அந்த ஒன்பதும் ஒன்பது பெண்களாயின. அவர்களுக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகள் வேலவனுக்கு முன்னால் நின்று சூரனோடு போர் செய்தார்கள். "சண்டை முடிஞ்சுதுங்க. வேலையில்லாத வீரன் ஊருக்கு ஆகாது. அதனால வாளை வாங்கிட்டுக் கையில நாடாவைக் குடுத்தாங்க" என்று முடித்தார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவை அவர் கை காற்றில் ஒரு முறை தள்ளியது. வகுப்பு மூச்சு விடாமல் கேட்டது. என் பாடத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அதோடு மணி அடித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

லீவ் லெட்டர் எழுதிய ஏழு பேரில் ஒரு தோட்டக்காரப் பையன் கை தூக்கினான். "சார், எங்களுதும் சொல்லலாமுங்களா?" ஒருவரைச் சொல்லவிட்ட பிறகு இன்னொருவரை எப்படி வேண்டாம் என்பது? சொல்லச் சொன்னேன். உலகத்தில் பசி வந்தபோது பூமியைப் பிளந்துகொண்டு கையில் கலப்பையோடு ஒருவர் வந்தார், அவர் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்றான்.

ஒரு நெசவுத் தெருப் பையன் பின்னாலிருந்து, "கலப்பையோட வந்தாரு செரி. இடுப்புல என்ன கட்டியிருந்தாரு?" என்றான்.

"அதெல்லாம் கட்டியிருப்பாரு."

"அதை யாரு நெய்து குடுத்தது?"

"நெய்யறவங்களுக்குச் சோறு எங்கிருந்து வந்துதாம்?"

கடைசி பெஞ்சில், சர்ச் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு கிறிஸ்தவப் பையன் அமைதியாக எழுந்தான். "எங்க கதையில ரெண்டுமே இல்லீங்க சார். முதல்ல ரெண்டு பேரும் இலையைத் தெச்சுக் கட்டிக்கிட்டாங்க. அப்படிப் பாத்தா முதல் தொழில் டெய்லருங்க" என்றான். அவன் அண்ணன் பனியன் கம்பெனியில் டெய்லர்.

முப்பத்தெட்டுப் பேரும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். பிறகு சண்டை. முதலில் வந்தது ஏரா, தறியா, தையல் மெஷினா என்று மூன்று கட்சி. பாடம் நடத்த வந்த நான் பஞ்சாயத்துக்கு நடுவில் சாக்பீஸோடு நின்றேன். பரிணாமத்தின் பக்கம் பேச ஒரு ஆள் இல்லை. நானும் பேசவில்லை.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒருவன் கேட்டான். நல்ல பையன், வம்புக்குக் கேட்கவில்லை. "சார், பரீட்சைல எதை எழுதோணுங்க?"

எல்லாரும் அடங்கிவிட்டார்கள். "புத்தகத்தில் இருப்பதை" என்றேன். வேறு என்ன சொல்வது?

தெய்வானையின் அப்பா இன்னும் கரும்பலகைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "அப்ப நான் சொன்னது வேடிக்கைக்குங்களா?" என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. தெய்வானை முதல் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

இளையவர்களே, நியாயமாகத் தெரிகிற அந்த யோசனையின் கதி இதுதான். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக் கூப்பிட்டு, அவருடைய கதையைக் கேள்வி கேட்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். சயன்ஸ் வகுப்பின் வேலையே கேள்வி கேட்பதுதான். எதைக் கொண்டுவந்து வைத்தாலும் பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கியைக் கேட்டால் அதற்கு வலிக்காது. அவருக்கு வலித்தது.

மணி அடித்ததும் நான் அவர் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடினேன். அவர் கோபமாக இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் பண்ணுனது தப்புங்க. அத இங்க வந்து சொல்லியிருக்கக் கூடாது. கோயில்ல சொல்றபோது யாரும் கை தூக்க மாட்டாங்க. அது அங்கயே இருக்கட்டும். உங்களுது இங்கயே இருக்கட்டும்" என்றார். இத்தனை வருடத்தில் இந்த விஷயத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா எம்புள்ள அதைக் கேக்க வேண்டாம். அந்தப் பாடம் அவளுக்கு வேண்டாம். அதுக்குச் சரின்னா இருக்கட்டும். இல்லாட்டி டி.சி. குடுத்துருங்க."

ஹெட்மாஸ்டர் தூணுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணால் சைகை காட்டினார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரிங்க. அந்தப் பாடம் அவளுக்கு வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அந்தப் பாடம் இன்னும் மூன்று பீரியட் மீதி இருந்தது. மூன்றிலும் தெய்வானையை வெளியே அனுப்பினேன். அவள் வராந்தாவில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். கதவு கிடையாது, ஜன்னல் திறந்தே இருக்கும். அவள் காதில் விழக் கூடாது என்று நான் குரலைத் தாழ்த்தி நடத்தினேன். உயிர்களின் வரலாற்றை ரகசியமாகச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் இந்த மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பின் பெஞ்சிலிருந்து, "சார், கேக்கலீங்க" என்று குரல் வரும். "புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்" என்று கிசுகிசுப்பேன். ஆக, எனக்கு முன்னால் இருந்தவர்கள் எங்கே இருந்தார்களோ அங்கேயே நானும் போய்ச் சேர்ந்தேன்.

சில நாள் கழித்துச் சூரன்போர் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய் நின்றேன். ஒன்பது வீரர்களில் ஐந்தாவதாக அவர் வந்தார். தகர வாள், ஜிகினாக் கிரீடம், முகத்தில் சிவப்புச் சாயம். என் வகுப்பில் ஏர்தான் முதல் என்று பெஞ்சைத் தட்டிய பையன், அப்பாவின் தோளைப் பிடித்து எம்பி எம்பி, அவரைப் பார்க்க இடம் தேடிக்கொண்டிருந்தான். அங்கே யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவர் என்னைக் கடந்து போகும்போது நானும் மற்றவர்களோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இதைப் படித்துவிட்டு, நீ சயன்ஸ் வாத்தியார்தானா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தெருவில் ஒரு கதையைப் பார்த்துக் கும்பிடுவதும், வகுப்பில் ஒரு விஷயத்தை ஆதாரத்தோடு சொல்வதும் ஒரே ஆள் செய்யக்கூடிய இரண்டு வேலைகள். அன்று அது எனக்குப் புரிந்தது. ஆனால் வராந்தாவில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளை உள்ளே கூப்பிட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதாகவே இருக்கட்டும், கிளறினால் மறுபடி டி.சி. கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

மார்ச்சில் பரீட்சை. சயன்ஸ் பேப்பர் அன்று நான் சென்டருக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றேன். பையன்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "சார், நம்ம பங்காளி வந்துட்டாருங்க" என்றார்கள். பரிணாமத்துக்கான சான்றுகளை விவரிக்கும்படி ஒரு பெரிய கேள்வி, பத்து மார்க், சாய்ஸும் கிடையாது. தெய்வானை கடைசியாக வந்தாள். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். எழுதிய கேள்விகளுக்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டிருந்தாள். அதற்கு மட்டும் இல்லை.

"தெரியலையா?" என்றேன்.

"தெரியுமுங்க சார்."

"எப்படி? நீ வெளியேதானே இருந்தாய்?"

"புத்தகத்துல இருக்குதுங்களே. படிச்சுப் பாத்தேன். வேணும்னா இப்பச் சொல்லட்டுங்களா?"

அங்கேயே மடமடவென்று சொன்னாள். புதைபடிவம், எலும்புகளின் ஒற்றுமை, எல்லாம் வரிசையாக. நான் வகுப்பில் கிசுகிசுத்ததைவிட நன்றாக இருந்தது.

"பின்னே ஏன் எழுதவில்லை?"

அவள் கேள்வித்தாளை நான்காக மடித்தாள். "நீங்க அப்பாகிட்டச் சொன்னீங்கல்லங்க, அந்தப் பாடம் அவளுக்கு வேண்டாம்னு. அப்பா ஊட்டுக்கு வந்து அம்மாகிட்ட, வாத்தியார் வாக்குக் குடுத்துட்டாரு, சொன்னாச் சொன்னபடி இருப்பாருன்னு பெருமையாச் சொன்னாருங்க. நான் எழுதிப்போட்டா உங்க வாக்கு பொய்யாயிருமுங்களே சார்."

அந்தப் பெண் என் வாக்கைக் காப்பாற்றுவதற்காகப் பத்து மார்க்கை விட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நினைவில் வைத்துக்கொள்ளும்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

பாஸ் செய்துவிட்டாள். ஆனால் டிரெயினிங் ஸ்கூல் பட்டியலில் பெயர் இல்லை. மார்க் வரிசையில் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. எத்தனை மார்க்கில் என்று நான் விசாரித்தேன். ஆறு. மறு வருடம் மறுபடி விண்ணப்பம் போட்டு இடம் கிடைத்தது, டீச்சராகி நல்லபடியாக ரிட்டயர்டும் ஆகிவிட்டாள், அதனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் நடுவில் அந்த ஒரு வருடம் அவள் பனியன் கம்பெனியில் தைத்த பீஸ்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வேகமாக மிதிப்பேன்.

பட்டியல் வந்த அன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்று தெரியும். வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். அதையும் வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பி வந்துதான் செய்தேன்.

அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். "வாங்க சார். உக்காருங்க" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். பத்து மார்க், விட்டுவிட்டு வந்த காரணம், ஆறு மார்க்கில் போன இடம். அவர் நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாடத்துல பரீட்சை வரும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"வரலாம்னு தெரியுமுங்க."

"எனக்குத் தெரியாதுங்க. நான் நாலாங்கிளாஸ். அது ஏதோ காதுல கேக்கற சமாச்சாரம்னு நெனச்சேன். நீங்க படிச்சவரு. நான் வேண்டாம்னா, நீங்க ஏனுங்க சரின்னீங்க?"

"நீங்க டி.சி. வாங்கிட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டனுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்கீங்க போறது? அவளைப் படிக்க வெக்கறதுக்கு ஊட்டுல எத்தனை சண்டை போட்டிருக்கறோம். மனசு கெட்டுப்போயிருந்துது, வந்து கேட்டனுங்க. முடியாது, போயிட்டு நாளைக்கு வாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாளைக்கு வந்திருக்கவே மாட்டனுங்க."

பிறகு குனிந்து நாடாவைத் தள்ளினார். தறி ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.